கப்பலேறிய பாட்டியைத் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கும் மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களின் வாரிசுகள் ஊர் தேடி வருவது இப்போது அதிகம். கூடவே, "எங்க கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி காணாமப் போனா" என்று இங்கிருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். தாத்தாவைத் தேடுவது ஓரளவு நேர்க்கோடு. பாட்டியைத் தேடும்போது அரசாங்கக் காகிதம் ஒன்று சொல்லும், வீட்டுக் கதை வேறொன்று சொல்லும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

"பாட்டியோட பாட்டி கப்பல்ல போனாங்க, அவ்வளவுதான் தெரியும். எங்கேயிருந்து தொடங்கறது?"

எந்த நாடு, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நாட்டைப் பொறுத்துத்தான் காகிதம் இருக்கும். நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால்) முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911இல் அது நிற்கும்வரை போனவர்கள் 1,52,184 பேர். மொரீஷியஸுக்கு 1834இலேயே தொடங்கிவிட்டது. போனவர்கள் சுமார் நாலரை லட்சம். ஃபிஜிக்குக் கல்கத்தாவிலிருந்து 1879இலும் சென்னையிலிருந்து 1903இலும்தான் கப்பல் கிளம்பியது. ஆகவே ஒரு ஃபிஜித் தமிழ்க் குடும்பம் "1880இல் வந்தோம்" என்றால் பெரும்பாலும் ஆண்டு பிசகியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, உயிரோடு இருப்பவர்களிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேருங்கள். தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்துக் கோப்பில் 'இறப்பு அறிவிப்பு' என்ற தாள் இருக்கும். இறந்தவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் பெயர்கள் அதில் வரும் என்பதால் பெண்வழித் தேடலுக்கு அது தங்கம் மாதிரி. பழைய தாள்களில் பெயரின் அருகே ஓர் எண் தெரிந்தால் விடாதீர்கள். அது பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்கியபோது கொடுத்த காலனி எண். கூலிக்கும் திருமணப் பதிவுக்கும் விடுதலைச் சீட்டுக்கும் அதே எண்தான். பிள்ளைகளின் பதிவிலும் பெற்றோர் எண்ணைக் கேட்டார்கள்.

"கப்பல் பட்டியல்ல என்னவெல்லாம் எழுதியிருக்கும்? அது எங்கே கிடைக்கும்?"

நேட்டால் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் அல்லது அங்க அடையாளம் என்று பத்திகள் போகும். ஆரம்பக் கப்பல்களில் பல பத்திகள் காலியாகவும், பிற்காலக் கப்பல்களில் ஓரளவு நிறைவாகவும் இருக்கும். வயதை நம்பாதீர்கள். 18, 20, 25 என்று உருண்டையாக நிற்பவை எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்டவை. ஐந்து வருஷம் முன்பின் வைத்துத் தேடுங்கள்.

பெயர்வாரிப் பட்டியல்கள் இறங்கிய நாட்டில்தான் இருக்கின்றன. நேட்டால் பட்டியல் டர்பனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கணினித் தரவாகவும் மாற்றப்பட்டிருக்கிறது. தோட்டப் புகார்கள், மனுக்கள், குடியேறிகள் பாதுகாவலரின் (கூலிகளின் புகார்களைக் கேட்ட அரசு அதிகாரி) கடிதங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் உள்ளன. மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். 1860களின் நடுவிலிருந்து எடுத்த ஆட்களின் புகைப்படங்களும் அங்கே உண்டு, ஆனால் எல்லோருக்கும் இருக்காது. ஃபிஜியின் குடிபெயர்வுச் சீட்டுகள் சுவா நகரத் தேசியக் காப்பகத்தில். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் அரசாணைகளும் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும். பின்னணி தெரிந்துகொள்ள அங்கே போகலாம். ஒரு பெண்ணின் பெயரைத் தேடிப் போனால் நாட்கள் வீணாகும்.

"எண் இல்லை, பேர் மட்டும்தான் இருக்கு. தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது!"

நீங்கள் இன்றைய எழுத்துமுறையில் தேடுகிறீர்கள். பட்டியலை எழுதியவர் காதில் விழுந்ததை அன்றைய ஆங்கில வழக்கப்படி எழுதினார். அம்மாள் என்பதில் கடைசி 'ள்' காணாமல் போகும். குப்பம்மாளைக் 'கே' எழுத்தில் மட்டுமல்ல, 'சி' எழுத்திலும் தேட வேண்டும். உகரத்தை ஒற்றை 'யூ' போட்டும் எழுதுவார்கள், இரட்டை 'ஓ' போட்டும் எழுதுவார்கள். எல்லம்மா 'ஒய்' எழுத்தில் தொடங்கலாம். அங்கம்மா 'யூ' எழுத்தில் தொடங்கி உங்கம்மாவாக நிற்கலாம். லட்சுமி, காமாட்சி, மீனாட்சி எல்லாவற்றிலும் நடுவில் 'டி-சி-எச்' வரும்.

அதிலும் வரவில்லையென்றால் பெயரை விட்டுவிட்டு கிராமத்தை வைத்துத் தேடுங்கள், அல்லது கூடப் போன ஆணையோ பிள்ளையையோ தேடுங்கள். ஒரே குடும்பம் அடுத்தடுத்த எண்களில் நிற்கும். ஓர் ஆண் கிடைத்தால் அவருக்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி படித்துப் பாருங்கள். தரவாக மாற்றும்போது விழுந்த பிழைகளும் இருப்பதால், கிடைத்த வரியை மூலத்தின் படத்தோடு ஒப்பிடாமல் முடிவு செய்ய வேண்டாம். முனியம்மா, லட்சுமி, பாப்பம்மா என்றால் நூற்றுக்கணக்கில் வருவார்கள். பெயர், கிராமம், தந்தை பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் 'இவராக இருக்கலாம்' என்றே எழுதுங்கள்.

"இன்னாரோட மனைவின்னு போட்டிருக்கு. அது நிஜமான கல்யாணமா, கப்பலுக்காகச் சொன்னதா?"

இரண்டும் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் போக வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் கணக்கு நிறையாவிட்டால் கப்பலுக்குச் சிக்கல். அதனால் பெண்ணைச் சேர்த்துவிட்டால் ஆள் பிடிப்பவருக்குத் தரகு கூடுதல். சென்னை டிப்போவில் (கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த முகாம்) வாரக்கணக்கில் காத்திருந்தபோது சேர்ந்து வாழத் தொடங்கியவர்கள் உண்டு. ஒரே தோட்டத்துக்குப் போகலாம், பாதுகாப்பு கிடைக்கும் என்று கணவன் மனைவியாகப் பெயர் கொடுத்தவர்களும் உண்டு.

பிரித்தறியச் சில குறிகள்: இருவரின் கிராமமும் தாலுகாவும் ஒன்றா? சாதிப் பத்தி ஒன்றா? கூட வந்த குழந்தைக்குத் தந்தை பெயராக எழுதியிருப்பது இந்த ஆணின் பெயர்தானா? மூன்றும் பொருந்தினால் ஊரிலேயே நடந்த கல்யாணமாக இருக்கும். எதுவுமே பொருந்தாவிட்டால் டிப்போவில் உண்டான உறவாக இருக்கலாம். அந்த உறவு பொய் என்று அதற்குள் எழுதிவிடாதீர்கள். அப்படித் தொடங்கி நாற்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பமே அங்கிருந்து கிளைத்திருக்கக்கூடும்.

"அப்ப தனியாப் போன பொம்பளைங்க... அவங்க நல்லவங்களா?"

தயங்கித் தயங்கி, ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேள்வியின் மொழியே கடன் வாங்கியது. தோட்டங்களில் சண்டையோ கொலையோ தற்கொலையோ நடந்தால், வந்திருக்கும் பெண்களின் நடத்தை சரியில்லை என்று அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அறிக்கை எழுதினார்கள். ஆண்களைவிடப் பாதிக்கும் குறைவாகப் பெண்களைக் கொண்டுபோன விதியையோ, ஒரே வரிசையில் பல குடும்பங்களை அடைத்த லயன் வீடுகளையோ, மேற்பார்வையாளரின் அத்துமீறலையோ காரணமாகச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. நேட்டாலில் ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அந்தப் பாதிக் கூலியில் ஒரு பெண் தனியாகக் காலம் தள்ளுவது எப்படி என்று கேட்டுப் பார்த்தால், ஒரு துணையைத் தேடிக்கொண்டதற்கு நடத்தை விளக்கம் தேவைப்படாது.

தனியாகப் போனவர்களில் கைம்பெண்கள், கணவன் கைவிட்டவர்கள், பஞ்சத்தில் வீட்டை இழந்தவர்கள், சாதி விட்டுக் காதலித்து ஓடியவர்கள், ஏற்கெனவே போன கணவனைத் தேடிக் கிளம்பியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் போனவர் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பட்டியலில் காரணம் என்ற பத்தியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். காரணம் என்று நீங்கள் எழுதுவது உங்கள் ஊகம்.

"எங்க வீட்ல அவங்க ஜமீன் வீட்டுப் பொண்ணு, ஏமாத்திக் கடத்திட்டாங்கன்னுதான் சொல்வாங்க. நம்பலாமா?"

ஏமாற்றி ஏற்றியது நிறைய நடந்தது. கல்லைப் புரட்டினால் அடியில் தங்கம் இருக்கும் என்று ஆசை காட்டினார்கள் என்பது மொரீஷியஸ் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் கதை. ஜமீன் வீட்டுப் பெண் என்பதைத்தான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். வழக்கமாக நாங்கள் பார்ப்பது: தாத்தாக்களின் கதையில் சாகசம் இருக்கும், பாட்டிகளின் கதையில் கடத்தல் இருக்கும். தானாகக் கிளம்பினாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப் பேரப்பிள்ளைகளுக்குக் கூச்சம். 'கடத்திக்கொண்டு போனார்கள்' என்றால் மானம் காப்பாற்றப்பட்டுவிடும்.

கதையைத் தூக்கி எறிய வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கதையில் வரும் ஆற்றின் பெயர், சந்தை, அம்மன், கூடப் போன குழந்தை போன்ற சின்ன விவரங்கள் பெரிய சம்பவத்தைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவற்றைக் கற்பிப்பதால் யாருக்கும் பெருமை இல்லை. உண்மையிலேயே ஏமாற்றப்பட்டதாக அவரே புகார் செய்திருந்தால் பாதுகாவலரின் கோப்புகளில் வாக்குமூலம் இருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்தது, கேட்ட கேள்விகளுக்கு மட்டும் சொன்ன பதில். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் சொல் காகிதத்தில் தங்கிய அபூர்வமான இடம் அது.

"சாதிப் பத்தியில 'மலபார்'னு இருக்கு. அப்ப நாங்க கேரளாவா?"

இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜெண்டூ' என்றும் குறித்தார்கள். 1860இன் நேட்டால் பட்டியல்களில் இவை சாதிப் பத்தியிலேயே நிற்கின்றன. ரீயூனியன் தீவில் தமிழ் வம்சத்தாரை இன்றும் 'மல்பார்' என்றே அழைக்கிறார்கள். அவர்களும் அப்படியே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"எங்க குடும்பப் பேர் நாயுடு, ஆனா பட்டியல்ல வேற சாதி. எது சரி?"

தென்னாப்பிரிக்காவில் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர், படையாச்சி என்பவை ஆங்கில அதிகாரிகள் 'குடும்பப் பெயர்' கேட்டபோது நிலைபெற்றவை. கவுண்டர் அங்கே 'கவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது. சிலருக்கு அது ஊரிலிருந்து வந்த பட்டம். சிலர் புது மண்ணில் புதுப் பட்டம் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் பலருக்குத் தாத்தாவின் சொந்தப் பெயரே (முனுசாமி, பெருமாள்) குடும்பப் பெயராகிவிட்டது. பட்டியலில் உள்ள சாதியும் டிப்போவில் வாயால் சொன்னதுதான். அங்கே உயர்த்திச் சொன்னவர்களும், எழுத்தர் தவறாகப் போட்டதும் உண்டு. இரண்டில் ஒன்றை 'உண்மைச் சாதி' என்று தேர்ந்தெடுப்பதில் தேடலுக்குப் பயன் இல்லை. எந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் பெண்களுக்கு நடந்தது வேறு. ஊரில் இருந்தவரை கல்யாணத்தால் பெயர் மாறாத பெண், காலனியில் கணவனின் பட்டத்துக்குள் போய்விட்டார். மகளின் சான்றில் 'திருமதி நாயுடு' என்று மட்டும் இருந்தால் முனியம்மாவும் தெரியமாட்டார், முனியம்மாவின் அப்பாவும் தெரியமாட்டார். அந்த இடத்தில் காலனி எண்தான் கைகொடுக்கும். மனிதரை எண்ணாக்கிய கொடுமை அது. இன்றைக்கு அவரைக் கண்டுபிடிக்க உதவுவதும் அதே எண்தான்.

"கல்யாணமே செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சாமே? அதனால எங்க பதிவுல ஏதாவது மாறுமா?"

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணங்கள் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் செல்லாது என்றார். பெரும்பாலான இந்திய மனைவிகள் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் மனைவி அல்லாமல் ஆனார்கள். அந்த ஆண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் வெளிப்படையாக இறங்கியதற்கு இது பெரிய காரணம். மற்றொன்று, ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மீது 1895இல் விதித்த 3 பவுன் வரி. 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, ஒருதார மணங்களுக்கு ஏற்பும் தந்தது. சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த வள்ளியம்மை ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். தமிழ்நாடு அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்று, பெற்றோர் வழி ஊரைச் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறது.

உங்கள் தேடலில் இதன் விளைவு: பதிவாகாத சடங்குத் திருமணத்தில் பிறந்த பிள்ளை 'முறைகேடான பிறப்பு' என்று எழுதப்பட்டிருக்கலாம், தந்தை பெயர் இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்த்து அதிர வேண்டாம். சில தம்பதிகள் பல வருஷம் கழித்துப் பதிவு செய்ததால், திருமணத் தேதி மூத்த பிள்ளையின் பிறந்த தேதிக்குப் பின்னால் இருக்கும். இன்னொன்று, 1903 சட்டம் அந்த 3 பவுன் வரியை 16 வயது நிரம்பிய மகன்களுக்கும் 13 வயது நிரம்பிய மகள்களுக்கும் நீட்டித்தது. ஆகவே அக்காலக் காகிதங்களில் பிள்ளைகளின் வயதைக் குறைத்துச் சொல்லக் காரணம் இருந்தது.

"ஊர் பேர் கிடைச்சிடுச்சு. 'நார்த் ஆர்க்காட்' ஜில்லான்னு இருக்கு. இப்ப அது எது?"

1911க்கு முந்தைய வடஆர்க்காடு பெரியது, தலைநகரே சித்தூர். அதே ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமானது. மீதியிருந்தது 1989இல் இரண்டாகி, 2019இல் மறுபடியும் பிரிந்தது. எனவே பழைய வடஆர்க்காட்டு ஊர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலோ ஆந்திரத்திலோ இருக்கும். திருத்தணி பக்கம் என்றால் 1960இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம்.

தாலுகா பெயரை முதலில் பிடியுங்கள், கிராமம் பிறகு. ஒரே பெயரில் நாலைந்து கிராமம் இருக்கும். ஊருக்குப் போனால் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. அவருடைய அண்ணன் தம்பி வம்சம்தான் அங்கே இருக்கும். தந்தை பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பட்டியலில் பெண்ணைத் தந்தையின் பெயரால் குறித்தது இந்த ஓரிடத்தில் உதவும்.

"நாங்க இலங்கை மலையகம். எங்களுக்கும் இந்தப் பட்டியல் இருக்குமா?"

இருக்காது. இலங்கைக்கும் பிற்கால மலாயாவுக்கும் ஆள் போனது பெரும்பாலும் கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக் கங்காணியே ஊரில் ஆள் திரட்டிக் கூட்டிப்போன முறையில். கடன் கங்காணியின் 'துண்டு' என்ற சீட்டில்தான் நின்றது. மலாயாவில் அதற்கு முன் இருந்த சஞ்சிக் கூலி (ஒப்பந்தக் கூலி) முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அங்கெல்லாம் தோட்டப் பதிவேடு, பிறப்புப் பதிவு, குடியுரிமைக் காகிதம் ஆகியவைதான் வழி.

மலையகத்தில் காகிதமே தந்தைவழியாக ஓடுவதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், முன்பே இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தை அங்கே பிறந்தாரா, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா என்றுதான் கேட்டது. தாய் அங்கேயே பிறந்திருந்தாலும் கணக்கில் இல்லை. தாய்வழியும் செல்லும் என்று மாறியது 2003இல். அதனால் குடும்பங்கள் தாத்தாவின் காகிதத்தைப் பத்திரப்படுத்தின. பாட்டியின் காகிதம் அடுப்புக்குப் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா வந்தவர்களாக இருந்தால் அப்போது தந்த குடும்ப அட்டையைத் தேடுங்கள். அதில் பெண்களின் பெயரும் வயதும் இருக்கும்.

"ரீயூனியன், மார்த்தினிக் பக்கம் போனவங்களை எப்படித் தேடறது?"

அவர்கள் பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்கள். ரீயூனியனுக்கு 1882இலும் மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுக் கரீபியன் தீவுகளுக்கு 1888இலும் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். பிரெஞ்சுக் காலனிகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பெருமளவு படமாக்கப்பட்டு, எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களின் தேசியக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பிரெஞ்சுப் பதிவில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரிலேயே குறிக்கப்படுவார். முன்பு சொன்ன 'திருமதி நாயுடு' தொல்லை இங்கே குறைவு.

"டி.என்.ஏ. பரிசோதனை செஞ்சா ஊர் தெரிஞ்சுடுமா?"

தெரியாது. பாட்டியின் பாட்டி உங்களில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்குதான். தாய்வழி மைட்டோகாண்ட்ரியச் சோதனை அம்மா, அம்மாவின் அம்மா என்று ஒரே கோட்டில் போகும். நடுவில் ஓர் ஆண் வந்தால் அறுந்துவிடும். அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கிளையைத்தான் காட்டும், குடியாத்தத்தையோ வந்தவாசியையோ காட்டாது. உயிரோடு உள்ள தூரத்து உறவினர் யாராவது அதே தளத்தில் இருந்தால் மட்டும் பயன்.

"குலதெய்வத்தை வெச்சு ஊரைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே?"

ஓரளவுக்கு. குலதெய்வம் ஆண்வழியாகப் போவது. பாட்டி பிறந்த வீட்டுச் சாமி கல்யாணத்தோடு பின்வாங்கிவிடும். ஆனால் கடல் தாண்டிய பிறகு இந்த ஒழுங்கு குலைந்தது. வீட்டுக்குள் விளக்கேற்றிய பெண் எந்தச் சாமியைக் கும்பிட்டாரோ அது நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. மாரியம்மனும் திரௌபதியும் எல்லா மாவட்டத்திலும் இருப்பதால் அடையாளத்துக்கு ஆகாது. அரிதான பெயரோ குறிப்பிட்ட படையலோ இருந்தால் குறித்துக்கொண்டு, 'இது யார் பக்கத்துச் சாமி' என்று வீட்டின் வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் 'நம்ம சாமி' என்று முடித்துவிடுவார்கள்.

"தேடிப் பார்த்ததுல ரெண்டு புருஷன், வேற சாதி எல்லாம் வருது. வீட்ல எப்படிச் சொல்றது?"

பெரியவர்களிடம் தாளைக் காட்டும் முன் அவர்களுக்குத் தெரிந்த கதையை முழுதாகப் பதிவு செய்துவிடுங்கள். தாளைப் பார்த்த பிறகு கதை தாளுக்கு ஏற்றபடி மாறத் தொடங்கும், அல்லது வாயடைத்துப்போகும். மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: காகிதம் சொல்வது, குடும்பம் சொல்வது, நாம் நினைப்பது. மூன்றையும் கலந்து ஒரே கதையாக்கினால் அடுத்த தலைமுறை எதையும் சரிபார்க்க முடியாது.

வம்ச மரத்தில் இரண்டு துணைகளையும் போடுங்கள்; எந்தப் பிள்ளை யாருக்கு என்பது தெரியாவிட்டால் தாயின் பெயரோடு மட்டும் இணையுங்கள், மென்பொருள் அனுமதிக்கும். உயிரோடு இருப்பவர்களின் சாதியையும் பிறப்பு விவரத்தையும் பொதுத்தளத்தில் ஏற்ற வேண்டாம். யாராவது 'இதை அழித்துவிடு' என்று கேட்டால், பொதுவில் உள்ளதை நீக்கிவிட்டு மூலப் படத்தையும் காலனி எண்ணையும் வீட்டுக் கோப்பில் வைத்திருங்கள்.